கரிசல் சரிவில் கல்சுவர்: வானம் தோண்டுவது முதல் முதல் மழை வரை

சித்திரைக் கடைசியில் குருவிகுளம் பக்கம் ஒரு தோட்டத்தில், நிலம் விட்டிருந்த வெடிப்புக்குள் ஒரு 6 எம்எம் கம்பியை இறக்கிப் பார்த்தேன். கை கொடுத்து அமுக்கவே இல்லை. தன் கனத்திலேயே மூன்றரை அடி போய் நின்றது. அதே இடத்தில் இரண்டடி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிக் கல்லை அடுக்கிவிடலாம் என்றுதான் நிலத்துக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பியை உருவி, எதுவரை இறங்கியது என்று விரலால் பிடித்துக் காட்டினேன். அப்புறம் அவர் இரண்டடிப் பேச்சை எடுக்கவில்லை.

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம், விளாத்திகுளம், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள ஊர்கள் என்று பழைய திருநெல்வேலிச் சீமையின் வடபக்கம் பெரும்பாலும் கரிசல். இந்த மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் அதிகம். அதன் மெல்லிய ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் வீங்கும். தண்ணீர் போனால் சுருங்கி வெடிக்கும். சுவரின் கனம் தாங்காமல் மண் அமுங்குவது இங்கே குறைவு. மண் சுவரைத் தூக்கியும் தள்ளியும் உடைப்பதுதான் அதிகம். 5 அடிக் கல்சுவர் மண்ணை அமுக்கும் அழுத்தத்தைவிடக் கரிசலின் வீக்க அழுத்தம் பல மடங்கு இருக்க முடியும்.

சம நிலத்தில் இந்த வீக்கம் ஓரளவு எல்லா இடத்திலும் ஒன்றுபோல வரும். சரிவில் அப்படி வராது. மேட்டுப் பக்கம் சீக்கிரம் காயும், பள்ளத்துப் பக்கம் ஈரம் தங்கும். ஒரே சுவரின் ஒரு முனை ஏறும்போது மறுமுனை இறங்கிக்கொண்டிருக்கும். போதாததற்கு, ஒவ்வொரு முறை நனைந்து காயும்போதும் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தை நோக்கி நகரும். ஆகவே இந்த வேலை முழுவதும் இரண்டே விஷயங்களில் நிற்கிறது. அஸ்திவாரத்தின் அடி மட்டமாக இருக்க வேண்டும். அந்த அடிக்குத் தண்ணீர் போகக்கூடாது. கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

நான் எடுத்துக்கொள்ளும் கணக்கு இது: ஓடையை நோக்கிச் சரியும் நிலம், 60 அடி நீளச் சுற்றுச்சுவர், தரைக்கு மேல் 5 அடி உயரம், மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் 4 அடி இறக்கம். வீட்டு அஸ்திவாரத்துக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மண் பரிசோதனையும் பொறியாளரும் கட்டாயம் வேண்டும். கரிசலில் வீட்டுக்கென்றே, அடியில் குமிழ்போல விரிந்த அண்டர்ரீம்டு பைல் (நிலத்துக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) முறையை ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. சாதாரணமாக 3.5 மீட்டர் ஆழம் வரை போவார்கள்.

மண்ணைப் பார்ப்பது

சுவர் வரப்போகும் கோட்டில், மேல்முனையில் ஒன்றும் கீழ்முனையில் ஒன்றுமாக இரண்டு சோதனைக் குழிகள் போடுங்கள். 6 அடி ஆழம் போதும். ஒரே குழியோடு நிறுத்திவிடாதீர்கள். மேட்டில் மூன்றடியில் சுக்கான் தட்டும் நிலத்தில், ஓடைப் பக்கம் ஆறடி தோண்டியும் கருமண்ணாகவே வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். காலங்காலமாக மேட்டு மண் கரைந்து பள்ளத்தில் சேர்ந்ததுதான் காரணம்.

குழியின் பக்கவாட்டைக் கடப்பாரையால் சீவிவிட்டுப் பாருங்கள். மேலே கன்னங்கரேல் என்றிருக்கும். கீழே போகப் போகப் பழுப்பு ஏறும். அதற்குள் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு உருண்டைகள் தென்பட ஆரம்பிக்கும். அதுதான் சுக்கான். அதற்கும் கீழே சரள், அதாவது சின்னக் கற்கள் கலந்த கெட்டி மண் வரும். 5 அடிக்குள் கெட்டியான சுக்கானோ சரளோ கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், அஸ்திவாரத்தை அதன்மேல் நிறுத்துங்கள். கிடைக்காவிட்டால், கோடையில் கம்பி இறங்கிய ஆழத்துக்குக் கீழே இன்னும் ஓரடி போக வேண்டும். மூன்றரை அடி இறங்கியது என்றால் வானம் நாலரை அடி.

மண் எவ்வளவு வீங்கும் என்று வீட்டிலேயே ஒரு மதிப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம். குழியில் மூன்றடி ஆழத்து மண்ணை எடுத்து நன்றாகக் காயவைத்து, இடித்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். ஒரே அளவான, பக்கம் நேராக இருக்கும் இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் இரண்டு ஸ்பூன் வீதம் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு குச்சியால் கலக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் களி வீங்காது, தண்ணீரில் வீங்கும். மறுநாள் இரண்டிலும் படிந்த மண்ணின் உயரத்தை அளக்க வேண்டும். மண்ணெண்ணெயில் 20 மில்லிமீட்டர், தண்ணீரில் 30 மில்லிமீட்டர் என்றால் வீக்கம் 50 சதவீதம். அதற்கு மேல் போனால் மிகவும் வீங்கும் மண் என்று வைத்துக்கொண்டு, கீழே சொல்லும் எதிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் 10 கிராம் மண்ணை வைத்து 100 மில்லி அளவுக் குழாயில் செய்வதும் இதே சோதனைதான், அங்கே அளவு துல்லியமாக இருக்கும்.

எந்த மாதம் தொடங்குவது

தை, மாசி. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், ஆனால் சேறு இருக்காது. சித்திரை வெயிலில் காய்ந்து வெடித்த மண்ணில் அஸ்திவாரம் போட்டால் ஐப்பசி மழையில் அது மொத்தமாக வீங்கிச் சுவரைத் தூக்கும். கார்த்திகைச் சேற்றில் போட்டால் கோடையில் சுருங்கிக் காலை வாரும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஈரத்தில் தொடங்குவதுதான் நல்லது. ஆட்கள் கிடைக்கவில்லை என்பதற்காகப் புரட்டாசிக்குத் தள்ளிப்போடாதீர்கள். மழை முந்திக்கொண்டால் தோண்டிய வானம் குளமாகிவிடும்.

சரிவை அளப்பது

கண்ணால் பார்த்து இறக்கம் சொல்லவே முடியாது. டியூப் மட்டம் போதும். 70 அடி நீளத்துக்கு, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் வாங்கி, ஒரு முனையிலிருந்து மட்டும் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். குழாய் நெடுகக் காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. ஒரு சின்னக் குமிழி நின்றாலும் அளவு தப்பும். குழாயை வெயிலில் கிடத்தாமல் நிழலில் வைத்திருந்து அளப்பது என் வழக்கம். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நிலத்துக்குக் கொண்டுபோங்கள்.

5 அடிக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, ஒவ்வொன்றிலும் மட்டக்கோடு போட்டு, கோட்டிலிருந்து தரைவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சரிவு ஒரே சீராக இருக்காது. ஓடையை நெருங்கும்போது சட்டென்று இறங்கும். அந்த இடத்தில் படிகள் நெருக்கமாக வர வேண்டியிருக்கும். நம் கணக்கில் சீரான சரிவு என்றே வைத்துக்கொள்வோம். 60 அடிக்கு 4 அடி, அதாவது 15 அடிக்கு ஓரடி. ஆக, தலைக்கு 15 அடி நீளத்தில் 4 மட்டங்கள், நடுவில் ஓரடி உயரத்தில் 3 படிகள்.

கீழ்முனை ஓடைக்கரையோடு ஒட்டிப் போகிறதென்றால் கொஞ்சம் பின்வாங்குங்கள். அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து சரிவின் மேற்பரப்புக்குப் படுக்கைவாட்டில் குறைந்தது 90 சென்டிமீட்டர் மண் இருக்க வேண்டும் என்று அஸ்திவாரத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1904 சொல்கிறது. மூன்றடி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடை கரையை அரிக்கும் இடமாக இருந்தால் மூன்றடியும் போதாது.

வானம் தோண்டுவது

எப்போதும் பள்ளத்து முனையில் தொடங்கி மேலே ஏறுங்கள். மேலிருந்து இறங்கினால், கடைசி மட்டத்துக்கு வரும்போது இருந்த பிசகெல்லாம் சேர்ந்து கீழ்முனை ஆழம் குறைந்து நிற்கும். சுவர் முதலில் கைவிடும் இடமும் அதுதான்.

பலரும் தவறுவது ஆழத்தை எங்கே அளப்பது என்பதில். ஒவ்வொரு மட்டத்திலும் அடி சமமாக இருக்கிறது, ஆனால் மேலே தரை சரிகிறது. அதனால் ஒரே மட்டத்துக்குள் பள்ளத்துப் பக்கம் ஆழம் குறைவாகவும் மேட்டுப் பக்கம் அதிகமாகவும் இருக்கும். நாலரை அடி என்ற அளவைப் பள்ளத்துப் பக்கத்து முனையில் வையுங்கள். மேட்டுப் பக்கம் அது தானாக ஐந்தரை அடியாகும். மேட்டில் நாலரை வைத்தால் பள்ளத்தில் மூன்றரைதான் இருக்கும், அது வெடிப்பு எட்டும் ஆழம்.

ஐந்தரை அடிக் குழிக்குள் ஆளை இறக்கும்போது கவனம் வேண்டும். கரிசலின் பக்கச்சுவர் காலையில் கத்தியால் வெட்டினதுபோல நிற்கும். வெயில் ஏறியதும் வெடிப்பு விட்டு, ஒரு பாளம் அப்படியே சரியும். 5 அடிக்கு மேல் போகும் இடத்தில் பலகையும் முட்டுக்கட்டையும் கொடுங்கள், இல்லாவிட்டால் பக்கங்களைச் சாய்த்து வெட்டுங்கள். வெட்டிய மண்ணைக் குழி விளிம்பிலிருந்து 4 அடி தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். இதில் மட்டும் கொத்தனார் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அகலம் 3 அடி. அடியைச் சரிவோடு சரிவாக ஓடவிடக் கூடாது. மட்டப்பலகையும் ரசமட்டமும் வைத்து ஒவ்வொரு மட்டத்தையும் சரிபாருங்கள். கொஞ்சம் ஆழம் அதிகமாக வெட்டிவிட்டால், வெட்டின கருமண்ணையே திரும்பப் போட்டு நிரவாமல் சரளால் நிரப்ப வேண்டும்.

60 அடியையும் ஒரே மூச்சில் திறந்து வைக்காதீர்கள். திறந்த களிமண் ஒரே நாள் வெயிலில் மேலோடு காய்ந்து வெடிக்கும், ஒரு சாரல் பெய்தால் குழம்பாகும். ஒரு மட்டத்தைத் தோண்டினால் அன்றைக்கோ மறுநாளோ அதற்குச் சரளும் கான்கிரீட்டும் போட்டு மூடிவிட வேண்டும். கடைசி 6 இஞ்ச் மண்ணை மட்டும் வெட்டாமல் விட்டுவைத்து, சரள் வண்டி வந்து நின்ற பிறகு எடுக்கலாம்.

அடியில் மணலா, சரளா

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கட்டிய ஒரு சுவர் இதில்தான் போனது. கழுகுமலைக்கு வடக்கே ஒரு தோட்டம். வானத்தின் அடியில் ஓரடி ஆற்றுமணல் விரித்து, தண்ணீர் விட்டு அமுக்கி, மேலே கான்கிரீட் போட்டோம். கரிசல் வீங்கினாலும் மணல் அதை வாங்கிக்கொள்ளும் என்பது அன்றைக்கு எல்லாரும் சொன்னது, நானும் நம்பினேன். அந்த ஐப்பசியில் மழை பிடித்த பதினைந்தாம் நாள், கீழ்முனையில் 12 அடிச் சுவர் ஓடைப் பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கத்தில் தோண்டிப் பார்த்தோம். மணலுக்குள்ளிருந்து தண்ணீர் குழாயைத் திறந்ததுபோல வந்தது. மழை நின்று மூன்று நாள் ஆகியிருந்தது.

எங்களோடு வேலைக்கு வந்திருந்த மூத்த கொத்தனார் ஒருவர் குழிக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “என்ன அண்ணாச்சி, மணல் போட்டும் இப்படி ஆயிட்டே?” என்றேன்.

“மணலுனாலதான் தம்பி ஆயிருக்கு. மேட்டுல விழுந்த தண்ணிய எல்லாம் அது குடிச்சி, கீழ கொண்டாந்து வச்சிக்கிட்டு. பள்ளத்துக் களி பூரா ஊறிட்டு, பாருங்க” என்றார்.

சம நிலத்தில் மணல் மெத்தை ஓரளவுக்கு ஒப்பேறும். சரிவில் அது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரு நிலத்தடி வாய்க்கால். அடியில் போட வேண்டியது, வீங்காததாகவும் தண்ணீரைத் தாராளமாக ஓடவிடாததாகவும் இருக்க வேண்டும். சரளும் செவல் மண்ணும் கலந்தது அப்படிப்பட்டது. மும்பை ஐஐடியில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி, கரிசல்மேல் வீங்காத ஒட்டுமண்ணை அடுக்கிக் கட்டும் முறையை ஆராய்ந்து நிறுவினார். கால்வாய்க் கரைகளிலெல்லாம் அந்த முறை பயன்பட்டது. அதில் அடுக்கின் கனம் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை போகும். சுற்றுச்சுவருக்கு அவ்வளவு போட முடியாது. ஓரடி போட்டாலும் அது வீக்கத்தைக் கொஞ்சம் சமன் செய்யும், தண்ணீருக்கு வழி கொடுக்காது.

மூன்று பங்கு சரளுக்கு ஒரு பங்கு செவல் என்று கலந்து, ஈரம் தெளித்து, 4 இஞ்சுக்கு ஓர் அடுக்காகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். கலவையைக் கையில் எடுத்துப் பிடித்தால் கொழுக்கட்டைபோல நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக்கூடாது. அந்த ஈரம்தான் சரி. கட்டை எகிறி வரும்வரை இடியுங்கள். ஓரடியையும் ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடிப்பாதி பொலபொலவென்றே கிடக்கும்.

கான்கிரீட்டும் படியும்

சரள்மேல் 6 இஞ்ச் கனத்துக்கு 40 எம்எம் சல்லி போட்டு 1:3:6 கான்கிரீட் (சிமெண்ட் ஒன்று, மணல் மூன்று, சல்லி ஆறு பங்கு). வேறு நிலத்தில் 1:4:8 போதும் என்பார்கள், கரிசலில் நான் ஒத்துக்கொள்வதில்லை.

படி வரும் இடத்தில் வேலை வரிசை முக்கியம். கீழ்மட்டத்துக் கான்கிரீட் 6 இஞ்ச், அதன்மேல் 6 இஞ்சில் ஒரு வரிசைக் கல். இரண்டும் சேர்ந்து ஓரடி. அதாவது மேல்மட்டத்துச் சரளின் தலைக்குச் சரியாக வந்துவிடும். இதை முடித்து இரண்டு நாள் விட்டு, மேல்மட்டத்துச் சரளை அந்தக் கல்வரிசையோடு நெருக்கி இடித்து, மேல்மட்டத்துக் கான்கிரீட்டைக் கீழ்மட்டத்துக் கல்வரிசைமேல் 2 அடி ஏறிப் படியும்படி போட வேண்டும். இந்த 2 அடி ஏற்றம்தான் இரண்டு மட்டங்களையும் ஒன்றாகப் பிடிக்கிறது. படிக்குப் படி வெட்டி நிறுத்திவிட்டு, நடுவில் விழும் சந்தில் கலவையை அடைத்துவிடுவதைப் பார்க்கிறேன். முதல் வருடமே அந்தச் சந்தில் நட்டுக்குத்தாக வெடிப்பு வரும்.

கல் வேலை

கல்லைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கிண்ணென்று கேட்டால் நல்ல கல், மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசலோ மக்கலோ இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். உருண்டைக் கல் அஸ்திவாரத்துக்கு ஆகாது, உடைத்த முகம் வேண்டும். குவாரித் தூசியோடு வரும் கல்லைக் கழுவி நனைத்த பிறகே வைக்க வேண்டும். தூசிமேல் கலவை பிடிக்காது.

கான்கிரீட் 3 அடி அகலம். அதன்மேல் ஒன்றரை அடி உயரத்துக்கு இரண்டரை அடி அகலத்தில் கல். அடுத்த ஒன்றரை அடி 2 அடி அகலம். தரை மட்டத்திலிருந்து 18 இஞ்ச் சுவர். ஒவ்வொரு குறைப்பிலும் பக்கத்துக்கு 3 இஞ்ச். இந்த உயரங்கள் மட்டத்தின் பள்ளத்து முனைக் கணக்கு. மேட்டுப் பக்கம் ஆழம் கூடும்போது 2 அடி அகல வேலையை உயர்த்திக்கொள்ளுங்கள். கலவை 1:5, ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல்.

பெரிய கல் கீழே, அகலமான முகம் அடியில். கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி வைத்தால் ஒரே நாளில் நிறைய உயரம் ஏறியதுபோலத் தெரியும். ஒரு கல்லின் சந்துக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் சந்து வரக்கூடாது. அதைவிட முக்கியம், சுவரின் நடு. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை நேர்த்தியாக வைத்துவிட்டு, நடுவில் சில்லும் மண்ணும் அள்ளிக் கொட்டிவிடுவது பழைய பழக்கம். பார்வைக்கு 18 இஞ்ச் சுவர், உண்மையில் இரண்டு மெல்லிய தோல்கள். மண் தள்ளும்போது ஒரு தோல் மட்டும் பிதுங்கி விழும். இதைத் தடுக்க, சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் குறுக்குக் கல்லை முகப்பில் 5 சதுர அடிக்கு ஒன்று வீதம் வைக்க வேண்டும். அத்தனை நீளக் கல் கிடைக்காவிட்டால், இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கற்கள் நடுவில் 6 இஞ்சாவது ஒன்றையொன்று தாண்டிப் போகட்டும். குறுக்குக் கல் வைத்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள், சாயங்காலம் வந்து எண்ணிப் பார்க்கலாம். நடுவில் உள்ள இடைவெளியை முதலில் கலவையால் நிரப்பி, அதற்குள் சில்லை அடித்து இறக்க வேண்டும். சில்லைப் போட்டுவிட்டு மேலே கலவையைத் தடவினால் உள்ளே காற்றுதான் இருக்கும்.

ஒரு நாளைக்கு 2 அடி உயரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

நீராற்றுவதிலும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மற்ற இடங்களில் குழாயை வானத்துக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கரிசலில் அப்படிச் செய்தால், எந்தத் தண்ணீருக்குப் பயந்து இவ்வளவு செய்தோமோ அதை நாமே அடியில் விடுகிறோம். சாக்கை நனைத்துக் கல்மேல் போர்த்தி, காலை மாலை தெளியுங்கள். 7 நாள் குறையாமல்.

பக்கங்களை மூடுவது

கல் வேலை தரை மட்டத்துக்கு வந்ததும், வெட்டிப்போட்ட கரிசலையே இரு பக்கமும் தள்ளி மூடிவிடத் தோன்றும். அது வீங்கும்போது அஸ்திவாரத்தைப் பக்கவாட்டில் நெருக்கும், காயும்போது விலகி வாய் பிளந்து மழைத்தண்ணீரை நேரே அடிக்கு அனுப்பும். அடியில் போட்ட அதே சரள்-செவல் கலவையைப் பக்கங்களிலும் 6 இஞ்ச் அடுக்குகளாக இடித்து நிரப்புங்கள். வெட்டின கருமண்ணைத் தோட்டத்தில் விரித்துக்கொள்ளலாம், பருத்திக்கு அதைவிட நல்ல மண் கிடையாது.

பெல்ட்டும் இடைவெளியும்

60 அடிச் சுவரை ஒரே துண்டாகக் கட்டினால் மண் அதைத் தனக்கு வேண்டிய இடத்தில் உடைக்கும். 20 அடிக்கு ஒன்றாக நாமே பிரித்துவிட வேண்டும். அடிக் கான்கிரீட் தொடரலாம். அதன்மேல் முதல் கல்லிலிருந்து சுவர் உச்சிவரை 20 எம்எம் இடைவெளி விட்டு, தார் அட்டையோ தெர்மோகோலோ வைத்து நிரப்புங்கள். நம் கணக்கில் படிகள் 15, 30, 45-ஆவது அடியில். இடைவெளிகள் 20, 40-ஆவது அடியில். ஆக, ஒவ்வொரு துண்டிலும் ஒரு படி அடங்கும். படியும் இடைவெளியும் ஒரே இடத்தில் மோதாது.

தரைக்குச் சற்று மேலே ஒவ்வொரு துண்டுக்கும் 6 இஞ்ச் கனத்தில், சுவரின் அகலத்துக்கு பெல்ட் கான்கிரீட், அதாவது கம்பி வைத்துச் சுவர் நெடுக ஓடும் கான்கிரீட் பட்டை. 10 எம்எம் கம்பி மேலே இரண்டு, கீழே இரண்டு, 8 எம்எம் வளையம் 6 இஞ்சுக்கு ஒன்று. ஒரு துண்டுக்குள் பெல்ட் முழு நீளமும் ஒரே மட்டமாகப் போகட்டும். இடைவெளி வரும் இடத்தில் மட்டும் அடுத்த துண்டின் பெல்ட் ஒன்றே கால் அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறி நிற்கும். பெல்ட் கம்பி இடைவெளியைத் தாண்டிப் போகக்கூடாது. கம்பி வெட்டுகிறவர் மிச்சத்தை வீணாக்க வேண்டாமே என்று நீட்டிவிடுவார், பக்கத்தில் நின்று பாருங்கள்.

தண்ணீர்

சுவரின் மேட்டுப் பக்கத்தில், 5 அடி தள்ளி, சுவர் நெடுக ஒரு வாய்க்கால் வேண்டும். ஓரடி அகலம், ஓரடி ஆழம், அடியிலும் பக்கத்திலும் கலவை பூசியது. பூசாத மண்வாய்க்கால் வெட்டினால் அதுவே தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும். சுவரை ஒட்டி இரு பக்கமும் 3 அடி அகலத்துக்குச் சரள் இடித்து, சுவரிலிருந்து விலகிச் சரியும்படி 3 அடிக்கு 2 இஞ்ச் வாட்டம் கொடுங்கள். குளியலறைத் தண்ணீர், தொட்டி வழிசல், சொட்டுநீர்க் குழாய் எதுவும் இந்த 3 அடிக்குள் வரக்கூடாது. மழையைவிட, வருடம் முழுக்க ஒரே இடத்தில் கசியும் ஒரு குழாய்தான் அதிகச் சுவர்களைக் கெடுக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மாதிரி மழையை எந்த வாய்க்காலும் தாங்காது. அதனால் சுவரின் மிகத் தாழ்ந்த இடத்தில், தரையை ஒட்டி, ஓரடிச் சதுரத்தில் இரண்டு திறப்புகள் விட்டு வையுங்கள். பாம்பு வரும் என்றால் கம்பிவலை வைக்கலாம். தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்கி நிற்பதைவிட அந்தப் பக்கம் போய்விடுவது நல்லது.

சரிவுக்குக் குறுக்கே நிற்கும் சுவர்

இதுவரை சொன்னது சரிவோடு இறங்கும் சுவருக்கு. குறுக்கே நிற்கும் சுவர் வேறு விஷயம், அது மண்ணைத் தாங்குகிறது. படி தேவைப்படாது, ஆனால் பின்பக்கம் வடிகால் இல்லாமல் கட்டவே கூடாது. சுவரின் பின்னால் ஓரடி அகலத்துக்கு அடியிலிருந்து மேல்வரை சல்லி நிரப்பி, அதன் காலில் துளையிட்ட குழாய் போட்டு வெளியே எடுங்கள். முகப்பில் 5 அடிக்கு ஒரு 3 இஞ்ச் பிவிசி குழாய், வெளிப்பக்கம் தாழ்ந்த வாட்டத்தில். மேலே ஓரடிக்குச் செவல் மண்ணை இடித்து மூடினால் மழை நேராக உள்ளே இறங்காது. அடி அகலம், தாங்கும் உயரத்தில் பாதிக்குக் குறையக்கூடாது. 4 அடிக்கு மேல் மண்ணைத் தாங்க வேண்டியிருந்தால் பொறியாளரிடம் போய்விடுங்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழைக்குப் பின் ஒரு கருங்கல் சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள்மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். உங்கள் சுவருக்குக் கீழே யாருடைய வீடோ கொட்டகையோ இருந்தால், அவர்கள் தூங்கும் பக்கம் எது என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள்.

மரங்கள்

சுவர்க் கோட்டுக்குப் பக்கத்தில் வேம்போ சீமைக்கருவேலமோ இருந்தால், மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரமாவது தள்ளி நில்லுங்கள். வேர் கோடையில் ஈரத்தை உறிஞ்சி அந்தப் பக்கத்து மண்ணை மட்டும் சுருக்கும். மரத்தை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து வெட்டிய மறுவாரம் வானம் தோண்டுவது இன்னும் மோசம். இத்தனை வருடம் காய்ந்து கிடந்த மண் இனிமேல்தான் நனைந்து வீங்கப்போகிறது. வெட்டினால், ஒரு மழைக்காலம் முழுக்கக் கழியட்டும்.

முதல் வருடம்

ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு சுவர் நெடுக நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் சுவரைத் தொடுகிறது, எங்கே குமிழியிட்டு மண்ணுக்குள் இறங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். அந்த இடங்களில் ஒரு கல்லை வைத்து அடையாளம் பண்ணிக்கொண்டு, மழை விட்டதும் சரள் போட்டு இடித்து வாட்டம் கொடுங்கள்.

மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பதறி உடனே சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியையும் அகலத்தையும் எழுதுங்கள். வைகாசியில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை அளந்து பாருங்கள். கோடையில் திறந்து மழையில் மூடிக்கொள்ளும் வெடிப்பு மண்ணோடு சேர்ந்து அசைகிறது. அதில் கெட்டியான சிமெண்டைத் திணித்தால், அடுத்த மழையில் மூட இடமில்லாமல் அதுவே ஆப்பாகிப் பக்கத்துக் கல்லைப் பிளக்கும். இளகித் தரும் சீலன்ட்டோ சுண்ணாம்புச் சாந்தோ போதும். இரண்டு அளவிலும் அகலம் கூடிக்கொண்டே போனால், கீழே எங்கோ தண்ணீர் சேர்கிறது. வெடிப்பை விட்டுவிட்டு, அதற்கு நேர் மேட்டுப் பக்கம் வாய்க்காலைத் திறந்து தேட ஆரம்பியுங்கள்.